பிராங்க்கைத் தூக்கியவர்கள்

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை காலையில், லின்சியின் வலது மணிக்கட்டில் இருந்த வலி அவள் கணவன் ஜெப்ரியின் மணிக்கட்டுக்கு மாறியது. சரவணம்பட்டியில் முத்தாத்தாள் வீட்டு மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். மகன் பிராங்க்குக்கு அப்போது மூன்று மாதம். லின்சிக்குத் தாய் இல்லை. ஜெப்ரியின் தாயாரோ, தாராபுரத்தில் படுக்கையில் கிடக்கும் கணவரை விட்டு வர முடியாதவர். அதனால் குழந்தையைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, தோளில் போட்டு நடப்பது எல்லாம் லின்சியின் தலையில்தான் விழுந்தது. கட்டைவிரலுக்குக் கீழே சுருக்கென்று ஆரம்பித்த வலி, நாளாக ஆக பாட்டில் மூடியைத் திருகினாலும் ஈரத்துணியை உதறினாலும் முழங்கை வரை ஏறியது. காந்திபுரத்து டாக்டர் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டும் பட்டை ஒன்றைக் கொடுத்து, கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். கைக்குழந்தைக்காரி எப்படி ஓய்வு கொடுப்பது என்பதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை அவளால் சுத்தமாக முடியாமல் போக, பாதி ஷேவிங்கில் இருந்த ஜெப்ரி வந்து குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தான். அந்த நொடியே அவள் கை லேசாகிவிட்டது. அவனால் மறுபடி ரேசரைப் பிடிக்க முடியவில்லை.

இரண்டொரு நாளில் விஷயம் பிடிபட்டது. பிராங்க்கைக் கடைசியாக யார் தூக்கினார்களோ அவரிடம் வலி இருக்கும். வேறொருவர் தூக்கினால் அவரிடம் போய்விடும். மடியில் வைத்துக்கொள்வதாலோ பக்கத்தில் படுக்கப்போட்டுப் பால் கொடுப்பதாலோ ஒன்றும் ஆகாது. டாக்டர் லின்சியின் கட்டைவிரலை மடக்கிக் கையைச் சாய்த்துப் பார்த்தார், அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். அதையே ஜெப்ரிக்குச் செய்தபோது அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். டாக்டர் அவனுக்கும் அதே பட்டையை எழுதிக்கொடுத்து, இருவரையும் இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

ஜெப்ரி கணபதியில் ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் லேத் ஓட்டினான். அன்றாடம் காலையில் குழந்தையைத் தூக்கி மனைவியின் மடியில் வைத்துவிட்டு, அவள் மறுபடி தூக்கும்வரை வலியோடு வேலை செய்து பார்த்தான். அந்த வாரமே, வலித்த கையால் அவன் சரியாக முறுக்காமல் விட்ட ஒரு வார்ப்பிரும்புத் துண்டு லேத் சுழலும்போது கழன்று, பக்கத்து லேத்காரரின் காதை ஒட்டிப் பறந்து சுவரில் மோதியது. யாருக்கும் அடியில்லை. ஜெப்ரி வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவன் உதடு வெளுத்திருந்தது. இனி தூக்கமாட்டேன் என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பிராங்க் அழும்போதெல்லாம் ஜெப்ரிக்கு வேறு வேலை இருந்தது.

கீழ்வீட்டு முத்தாத்தாள் இதையெல்லாம் நம்பவில்லை. ஒருநாள் மாடியேறி வந்து குழந்தையை அள்ளித் தூக்கினாள். "ஏனம்மணி, தலகாணி கனங்கூட இல்லாத புள்ளையத் தூக்கறதுக்கா இத்தனை அலட்டல்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறியது. புடி அம்மணி என்று குழந்தையை லின்சியின் கையில் திணித்துவிட்டு, தன் வலது கையை வயிற்றோடு அணைத்தபடி இறங்கிப் போனாள். குழந்தையைக் கைமாற்றியதுமே வலியும் போய்விட்டதுதான், ஆனாலும் அவள் அதை மறக்கவில்லை. தெருவுக்கும் செய்தி போனது. அதன்பின் பிராங்க்கைப் பார்த்தவர்கள் கொஞ்சினார்கள், கன்னத்தில் முத்தமிட்டார்கள். கைகளை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

லின்சி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். கட்டிலைக் கழற்றி மெத்தையைத் தரையில் போட்டாள். கக்கத்தில் விரலை விரித்துத் தூக்குவதை விட்டு, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து முழங்கையால் ஏந்தினாள். பழைய சேலையில் தூளிபோல் கட்டித் தோளில் சுமந்தாள். எப்படியும் ஒவ்வொரு முறையும் தரையிலிருந்து எடுக்கவேண்டுமே. மழைக்காலம் ஆரம்பிக்கும்போது, குளிப்பாட்டுகையில் குழந்தை ஈரக்கையிலிருந்து வழுக்கியது. முழங்கால்களை இடுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதை ஜெப்ரியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்த இன்னொன்றும் இருந்தது: பிராங்க் அழும்போது, இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று அவள் காத்திருக்கப் பழகியிருந்தாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்த உடுப்போடு இருவரும் கூடத்தில் நின்றிருந்தார்கள். எட்டு மாதப் பிராங்க் வாசல் பக்கம் தவழ்ந்து போய் உட்கார்ந்து அழுதான்.

"நீங்க தூக்குங்க."

"நாளைக்கு டூட்டி இருக்குது லின்சி."

"எனக்கு இன்னைக்கே கை இல்லீங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். அழுகை நின்றது. நல்லவேளை என்று இருவருமே நினைத்தார்கள். நினைத்த பிறகுதான் லின்சி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் அவன் இல்லை. வெளிப்படிக்கட்டுக்குக் கதவு கிடையாது. அவள் ஓடி வந்து எட்டிப் பார்த்தபோது, பிராங்க் மேல்படியிலிருந்து தலைகீழாகச் சாய்ந்துகொண்டிருந்தான். குழம்புச் சட்டியோடு ஏறி வந்துகொண்டிருந்த முத்தாத்தாள் சட்டியைக் கைவிட்டு அவனை இரண்டு கையாலும் அள்ளினாள். சட்டி கடைசிப் படிவரை உருண்டு போய் நின்றது.

லின்சி கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னாலிருந்து ஜெப்ரியும் நீட்டினான். முத்தாத்தாள் வலி ஏறிய வலது கையை விட்டு இடது தோளுக்குக் குழந்தையை மாற்றிக்கொண்டாளே தவிர, கொடுக்கவில்லை.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு எங்கூட்டுல இருக்கட்டும். பசிச்சா நானே கொண்டாந்து மடியில வெச்சுப்போட்டுப் போறேன். நீ போய்த் தூங்கு கண்ணு" என்றாள்.

லின்சி உடுப்பைக்கூட மாற்றாமல் படுத்தாள். மாலையில் எழுந்து, பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக யார் உதவியும் இல்லாமல் இறுக்கமாகப் பின்னல் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டே அழுதாள். ஜெப்ரி தூங்கவில்லை. படியில் சிந்திய குழம்பைக் கழுவிவிட்டு, கீழே போய், முத்தாத்தாளிடமிருந்து மகனைத் தூக்கிக்கொண்டு வந்தான். மறுநாள் பட்டறையில் சூப்பர்வைசரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னான். அவர், வலி இருக்கும் நாட்களில் லேத்தில் நிற்கவேண்டாம், முடிந்த சாமான்களை அளந்து பார்க்கும் மேசைக்குப் போ என்றார்.

அந்த வாரத்தில் முத்தாத்தாள் தெருவில் ஏழெட்டு வீடு ஏறி இறங்கினாள். என்ன பேசினாள் என்பது ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படுகிறது. ஆட்டோ அப்துல் கையூம், வண்டி சர்வீசுக்குப் போன நாளில் வந்து பிராங்க்கைத் தூக்கிப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவனோடும் வலியோடும் வீட்டுக்குப் போனார். தையல்கார மானசா தீபாவளித் துணியெல்லாம் தைத்துக் கொடுத்த பிறகு நான்கு நாள் பிராங்க்கைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். வாங்கியவர்களில் சிலர் ஒரு மணி நேரத்திலேயே திருப்பிக் கொடுத்தார்கள், அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. ஒரு வீட்டார் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை.

பிராங்க் இப்போது பள்ளிக்குப் போகிறான். தூக்கவேண்டிய தேவை இல்லைதான், ஆனாலும் மாதா தேர் வரும்போதோ, அவன் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொள்ளும்போதோ யாராவது தூக்கிவிடுகிறார்கள். காலையில் பால் வாங்க வருகிறவர்கள் குழாய்த் தண்ணீர் என்றைக்கு வரும் என்று கேட்பார்கள், அப்படியே வலி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்பார்கள். தெரிந்தவர் சொல்வார். அந்த வீட்டில் அன்று குடம் தூக்கவும் தேங்காய் உடைக்கவும் யாராவது போய்வருவார்கள். இந்த வாரம் அது லின்சியிடம் இருக்கிறது. முத்தாத்தாள் விடிந்ததும் மாடியேறிப் போய், மாவு பிசைந்து வைத்துவிட்டு வந்தாள்.