பொய்த்தாடி

மாஹிரின் மேலுதட்டில் ஒரு மாதமாகப் பூனைமயிர் அரும்பியிருந்தது. வீட்டில் எல்லாரும் அதைக் கண்டனர். தகப்பனார் பர்கத்துல்லா மட்டும் இன்று காலையில்தான் கண்டார். கண்டதும், குடித்துக்கொண்டிருந்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போய், முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு சவரக்கத்தி வாங்கினார். மார்பளவு தாடி வைத்தவர் கத்தி கேட்டதும் கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு வார்டு அலுவலகத்தில் மருத்துவர் ஒருவர் மாஹிரின் முகத்தைப் பார்த்து அவனது வயதைச் சொல்லப் போகிறார். பதினெட்டு என்று அவர் சொல்லிவிட்டால், கட்டாய ஆள்சேர்ப்பில் பிள்ளை அப்படியே பர்மியப் பட்டாளத்துக்கு.

மாஹிருக்கு வயது பதினாறு, தாளில் பதினெட்டு. அந்த இரண்டு ஆண்டுகளைக் கூட்டியவர் வேறு எவருமல்லர், பெற்ற தகப்பனே. மூத்தவன் தவ்ஹீத் ஒன்றரை வயதில் காய்ச்சல் கண்டு இறந்தான். ஆறு மாதம் கழித்து மாஹிர் பிறந்தான். புதுப்பெயரைப் பதியப் போனால், பாட்டன் பர்மாவுக்கு எந்தக் கப்பலில் வந்தான், எந்த ஆண்டில் வந்தான், அதற்குச் சான்று எங்கே என்று குடைவார்கள். இறந்தவனின் பெயரோ வார்டு அலுவலகத்து வீட்டுப் பட்டியலில் அடிபடாமல் கிடந்தது. "அதுலயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார் பர்கத்துல்லா. தாய் நூருன்னிசா மூன்று நாள் சோறு உண்ணவில்லை. பள்ளி அவனைத் தவ்ஹீத் என்றது; அரசும் அப்படியே சொன்னது. அவள் ஒருநாளும் அவனை அப்பெயரால் அழைத்ததில்லை.

நேற்று வார்டு எழுத்தர் சின்னத்தம்பியிடம் பர்கத்துல்லா எல்லாவற்றையும் கொட்டினார்.

"நீங்க சொல்றது வெளங்குது பாய். ஆனா தாளு பொய்யின்னு நான் எழுதுனா, தவ்ஹீத் செத்துட்டான். அப்ப ஒங்க வூட்ல திங்கிற பய யாரு? அவனுக்குத்தான் தாளே இல்லையே. இல்லாத பயலுக்கு நான் எப்படி விலக்கு எழுதுறது?"

"இருக்கான் தம்பி. கூட்டியாந்து காட்டுறேன்."

"காட்டுங்க. டாக்டர் ஐயா மிங்கலாடோன் பட்டாள ஆஸ்பத்திரிலேருந்து வர்றாரு. மூஞ்சியப் பாத்து அவரு சொல்றதுதான் முடிவு. பச்சப்புள்ளயாத் தெரியணும்." பிறகு, பர்கத்துல்லாவின் கையிலிருந்த அச்சுப்படியை மோவாயால் சுட்டினார் எழுத்தர். "அது என்ன பாய்?"

"பராகுவேயோட வரலாறு. தென்னமெரிக்காவுல இருக்கு."

"அங்கயாச்சும் ஒழுங்கா ஆள்றானுங்களா?"

பர்கத்துல்லா அச்சுப்படியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினார். அச்சகத்தில் பிழை திருத்துவது அவரது தொழில். பர்மிய மொழியில் வரவிருக்கும் அந்நூலை அவர் மும்முறை படித்திருந்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், மூன்று நாடுகளோடு பொருதித் தோற்றபின்னும் பணிய மறுத்தான் அந்நாட்டை ஆண்டவன். ஆண்கள் தீர்ந்தார்கள், ஆகவே சிறுவரைக் களத்துக்கு அழைத்தான். வளர்ந்த ஆண்கள் என்று பகைவர் எண்ணட்டும் என அப்பிள்ளைகளின் முகத்தில் பொய்த்தாடி ஒட்டினார்கள். தாய்மார் காட்டோரம் மறைந்து நின்று பார்த்தார்கள். முடிவில் பகைவர் களத்துப் புல்லுக்குத் தீ வைக்க, பிள்ளைகள் கருகினார்கள். இன்று அந்நாட்டில் அந்த நாள்தான் குழந்தைகள் தினமாம்.

தாடி வேண்டா, வீரம் மட்டும் இருக்கட்டும் என்றார் பதிப்பாளர். யாராவது எதனோடாவது பொருத்திப் பார்த்தால் வம்பு. அந்த ஐந்து வரிகளையும் சிவப்பு மையால் அடித்தவர் பர்கத்துல்லாவே. அங்கே பிள்ளைகளை ஆண்களாக்கத் தாடியாவது தேவைப்பட்டது. இங்கே ஒரு தாளே போதுமாயிருக்கிறது. அதையும் எவனோ வந்து ஒட்டவில்லை.

கிணற்றடியில் முக்காலியைப் போட்டு மகனை உட்கார வைத்தார். நூருன்னிசா பள்ளிச் சீருடையான பச்சை லோஞ்சிக் கைலியைத் தேய்த்து, கொடியில் போட்டிருந்தாள். அதை உடுத்தினால் இன்னும் சிறுவனாகத் தெரிவான் என்பது அவளது கணக்கு.

"மீசை நல்லாருக்குன்னு பக்கத்து வீட்டு ஃபஹீமா சொன்னா, வாப்பா."

"அவ டாக்டர் இல்ல. நேரா உக்காரு."

"டாக்டர் பேரு கேட்டா என்ன சொல்லட்டும்?"

பர்கத்துல்லா சவுக்காரத்தைக் குழைத்தார்.

"தவ்ஹீத்னு சொன்னா பதினெட்டு. மாஹிர்னு சொன்னா ஆளே இல்ல. எதச் சொல்லட்டும் வாப்பா?"

அவர் குழைத்துக்கொண்டேயிருந்தார். பழக்கமில்லாத கை அளவு அறியாமல் நுரையை அப்பியது. மேலுதட்டில் மட்டும் பூச வேண்டியது, கன்னத்தில் ஏறிக் காதுவரை பரவி, மோவாயில் திரண்டு தொங்கியது. மாஹிர் கண்ணாடியை எடுத்துப் பார்த்துச் சிரித்தான்.

"இங்க பாருங்க, அப்படியே ஒங்கள மாதிரி."

பர்கத்துல்லா பார்த்தார். பிரித்த கத்தி கையிலேயே நின்றது. சமையலறைக் கதவின் இடுக்கில், முந்தானையை வாயில் அடைத்தபடி நூருன்னிசா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாடியிலிருந்து ஒரு துளி கழன்று, பிள்ளையின் மயிரற்ற மார்பில் விழுந்து, மெல்ல இறங்கியது.