அரைப் புள்ளி

...அரைப் புள்ளிதான், அதற்கு மேல் இல்லை, ஆனால் நகர்ந்திருந்தது, நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று ஊருக்குச் சொல்லலாம், எனக்கே சொல்லிக்கொள்ள முடியுமா? அன்று வந்த படத்திலிருந்து பழைய படத்தைக் கழித்தபோது மிஞ்சியது ஒரே ஒரு பொட்டு, போன மாதம் அங்கே இல்லாத பொட்டு, ஒரு மணி நேரம் கழித்து எடுத்த படத்திலும் அதே இடத்தில்... இல்லை, படம் ஆகியிருக்கிற புள்ளிகளில் ஒன்றில் பாதி, அரைப் புள்ளி தள்ளி. வெடிக்கிற நட்சத்திரம் நகராது, நகர்ந்தால் அது வெறும் கல், சூரியனைச் சுற்றுகிற சிறுகோள். வானில் போகும் திசை மாறுகிற திரும்புமுனைக்கு வந்த கல் நிற்பது போலத்தான் தெரியும் என்று வகுப்பில் நானே பாடம் எடுத்திருக்கிறேன். காற்றில் தொலைநோக்கி ஆடியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தெரிந்த கற்களின் பட்டியலைப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும், அதற்குள் வேறு தேசத்துக்காரன் எவனாவது அறிவித்துவிட்டால்? மிமூன் என்கிற என் பேர் முதல் வரியில் வர வேண்டுமே... புதிதாக ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது என்று அறிவிப்பை அனுப்பிவிட்டேன். சீ, நானும் ஒரு மனுஷன்.

"நட்சத்திரம் பிடிச்சவரே, கை கழுவியாச்சா? குஸ்குஸ் ஆறுது" என்கிறான் சமையல்கார ஹத்தூ. வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து மூன்று பேரும் கோதுமை ரவைச் சோறு குவித்த ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம், எனக்கு எதிரே எங்கள் ஆய்வகத்தில் மூத்தவள் லல்லா இஜ்ஜா. சிலியில் இருக்கிற பெரிய தொலைநோக்கியில் ஒரே ஓர் இரவுக்காக எட்டு மாதம் காத்திருந்தவள், அதில் இரண்டு மணி நேரத்தை என் நட்சத்திரத்துக்காக விட்டுக்கொடுத்தாள், நான் கேட்கக்கூட இல்லை. வந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் நம்முடைய சூரியனின் ஒளி! கல்லில் பட்டுத் திரும்பிய வெயில், நான் பிறப்பதற்கு முன்பே எண் போட்டுப் பதிந்துவைத்த கல். அவள் திட்டியிருக்கலாம். திட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்... அவளோ தட்டின் நடுவில் இருந்த கறித்துண்டை என் பக்கம் தள்ளுகிறாள்.

"சாப்பிடுப்பா. மூஞ்சியப் பாரு, எழவு விழுந்த மாதிரி. யானைக்கும் அடி சறுக்கும்."

"அவரு சறுக்கினதுல வானமே கீழ வந்துடுச்சு லல்லா" என்கிறான் ஹத்தூ.

"நீ சும்மா இருடா. மிமூன், தொலைநோக்கி நேரம் ஒதுக்குற குழுவுக்கு எழுதி வச்சிருக்கேன், இன்னும் அனுப்பல, இழந்த ரெண்டு மணி நேரத்தைத் திருப்பிக் கேட்டு. ரெண்டு படத்துலயும் துளிகூட நகரல, யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்கன்னு போட்டு, கீழ என் பேரையும் போட்டிருக்கேன். சரிதானே?"

அவள் படத்தைத் திறந்தே பார்க்கவில்லை, நகரவே இல்லை என்று நான் சொன்னதை நம்பி எழுதியிருக்கிறாள். நாளைக்கு யாராவது அளந்து பார்த்தால் பொய்க்காரி ஆவது அவள்தான், இருபது வருஷப் பேர்... சொல்லிவிடு, இப்போதே சொல், லல்லா, நகர்ந்திருந்தது என்று, இரண்டே சொல், வாயில் இருப்பதை முழுங்கிவிட்டுச் சொல்.

"லல்லா..."

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. சரிதான்."

வலது கையில் குஸ்குஸ் ஒட்டியிருக்கிறது, இடது கைக் கட்டைவிரலால் போனை அழுத்துகிறாள். "போயிடுச்சு" என்கிறாள். வெட்கத்தில் செத்துப்போவேன் என்று நினைத்தேன், இந்த மூன்று நாளும் தண்ணீர்கூட இறங்காத தொண்டை... இனி சொல்ல முடியாது என்று ஆனதும் அது திறந்துகொண்டது, ஏன்? அவள் தள்ளிவைத்த துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன், நல்ல ருசி, அவள் பக்கத்தில் இன்னும் ஒன்று இருக்கிறதா என்று கண் தேடுகிறது.