சாவிக் கீறல்

இப்போதெல்லாம் எவனும் எதையும் அதுவாக விட்டுவைப்பதில்லை. கதவு பார்க்கத் தேக்கு மாதிரி இருக்கும், தட்டினால் டப்பா சத்தம் வரும். சாமி படத்தில் தொங்கும் மாலையை முகர்ந்தால் பிளாஸ்டிக். பந்தியில் போடுகிற இலைகூடக் காகிதத்தில் பச்சை அடித்தது. ஏனப்பா என்று கேட்டால், பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார்கள். பார்க்க நன்றாக இருந்தால் போதும் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. மனுஷனும் அப்படித்தான் ஆகிப்போனான்.

என் பெயர் வைரக்கண்ணு. அரியலூரில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். என் இடுப்புக் கயிற்றில் எப்போதும் ஒரு காந்தம் தொங்கும், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. பித்தளைக் குழாய் என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். காந்தத்தை வைத்தால் கப்பென்று ஒட்டும், உள்ளே இரும்பு. காந்தம் ஒட்டாத சரக்கைக் கடைச்சாவியால் ஒரு கீறு கீறிப் பார்ப்பேன். மேல்பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறதோ அதற்குத்தான் விலை.

ஆளைக் கீறிப் பார்க்க வழியில்லை. அதனால்தான் என் மகள் கலையரசி விஷயத்தில் ஏமாந்தேன். சிமெண்ட் ஆலையில் இன்ஜினியர் என்று ஒருவன் பெண் கேட்டு வந்தான். பேச்சு, சட்டை, ஷூ எல்லாம் இன்ஜினியர்தான். பத்திரிகை அடித்து, கல்லங்குறிச்சிப் பெருமாள் காலடியில் வைத்து எடுத்து வந்த பிறகுதான் தெரிந்தது, அவன் எந்த ஆலை வாசலையும் மிதித்தவன் இல்லை என்று. அந்தப் பத்திரிகைக் கட்டு இன்னும் பரண்மேல் கிடக்கிறது. கலையரசி அழவில்லை. பெரம்பலூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். வயது முப்பத்திரண்டு ஆகிவிட்டது.

கொஞ்ச நாளாகச் சாயங்காலம் பஸ் விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போகாமல் என் கடைக்கு வருவாள். திருமானூர்ப் பக்கம் ஓர் ஆலையிலிருந்து வாங்கிப் போட்ட கரும்பு பிழியும் துருவேறின பழைய உருளை ஒன்று மூலையில் கிடக்கிறது. அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். பேச்சு பெரிதாக இருக்காது. அப்பனுக்குத் துணையாக வருகிறாள் என்று நினைத்து டீ வாங்கித் தருவேன். எனக்கு அது பிடித்திருந்தது. சொல்லிக்கொள்ளவில்லை.

போன வாரம் சோறு போடும்போது அவளாகவே பேச்சை எடுத்தாள். அறிவரசன் என்று ஒருவர், பூலாம்பாடிக்காரர், பெரம்பலூரில் கார்ப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறார், பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் கேட்டுக் கடைக்கு வந்ததில் பழக்கம் என்றாள். என் மனைவி சிந்தாமணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்க போயி பாத்துட்டு வாங்கப்பா. நீங்க வேணாம்னா வேணாம்தான். அப்பறம் நா யாரப் பத்தியும் இந்த வூட்ல பேச மாட்டேன்" என்றாள்.

மிரட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். மாப்பிள்ளையை விசாரிக்கப் போகிறவன் சொல்லாமல் போக வேண்டும். சொல்லிவிட்டுப் போனால் வீட்டைக் கூட்டி வைத்திருப்பார்கள். வாசல் வரை வந்த சிந்தாமணி என் இடுப்பைப் பார்த்தாள்.

"அந்தக் காந்தத்த வூட்லயே வெச்சிட்டுப் போங்க. மாப்ள பாக்கப் போறீங்க. ஈயம் பித்தள எடுக்கப் போவல."

வேட்டி மடிப்புக்குள் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதியெல்லாம் குடித்துப் பெரம்பலூர் போய்ச் சேர்ந்ததும், பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடையில் மெதுவாக விசாரித்தேன். தங்கமான பையன் என்றார் டீ போடுகிறவர். தங்கம் என்று எவன் சொன்னாலும் எனக்குச் சாவி ஞாபகம் வந்துவிடும். குடி உண்டா என்றேன். இல்லையாம். சீட்டு? அதுவும் இல்லையாம். அம்மா ஊரில் இருக்கிறாராம், வாரத்தில் ஒரு ராத்திரி போய்ப் பார்த்து வருவானாம். ஒரே ஒரு கிறுக்கு, பொம்மைக் கார் இன்ஜினுக்குச் சாயம் அடிப்பான், லீவு நாளில் கூப்பிட்டால்கூடக் கீழே இறங்க மாட்டான் என்றார். மாடி வீட்டையும் காட்டினார். இவ்வளவு நல்லது சொல்கிறவருக்கு அவன் என்ன வேண்டும் என்று கேட்டேன். டீக்குக் காசு வாங்காமல் முறைத்தார்.

மாடி ஏறி, வீடு வாடகைக்கு வருதாமே என்று பொய் சொல்லிக்கொண்டு நுழைந்தேன். ஒல்லியான ஆள், நெற்றியில் பட்டை கட்டி லென்ஸ் மாட்டியிருந்தான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காலி இல்லீங்களே, வெயில்ல வந்துருக்கீங்க, உக்காருங்கய்யா என்றான். தண்ணீர் கொண்டுவர உள்ளே போனான்.

ஜன்னலோரம் மேசை. மேசைமேல் அந்த இன்ஜின்.

நான் எத்தனையோ லாரி இன்ஜினைச் சம்மட்டியால் உடைத்து எடை போட்டவன். இது உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. ஆனால் அதேதான். அடிப்பாகம் வார்ப்பு இரும்பு, அந்தச் சொரசொரப்பும் மங்கின கறுப்பும். கியர்ப் பெட்டி அலுமினியம், மழையில் கிடந்த அலுமினியத்துக்கு வருகிற அந்த வெளுப்பு. புகைக்குழாய் இன்ஜினை ஒட்டிச் சூட்டில் நீலம் பாரித்து, தள்ளிப் போகப் போக வைக்கோல் நிறமாகி, கடைசியில் துருப்பிடித்திருந்தது. போல்ட்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது. யாரோ நிஜமாகவே வார்த்திருக்கிறான் என்று நினைத்தேன்.

எடுத்தேன். கை மேலே பறந்துவிட்டது. கனத்துக்குத் தயாராகிப் போன கை, கனமே இல்லாவிட்டால் அப்படித்தான் போகும். காந்தத்தை எடுத்து வைத்தேன். ஒட்டவில்லை. சரி, முழுக்க அலுமினியமோ என்று சாவியை எடுத்தேன். யோசித்துச் செய்ததில்லை, கை அதுவாகப் போனது. கியர்ப் பெட்டி ஓரத்தில் ஒரு கீறு.

வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. பிளாஸ்டிக்.

நிமிர்ந்தால் தண்ணீர்ச் செம்போடு அவன் நிற்கிறான். அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும், அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடலாம். அவன் செம்பை என்னிடம் கொடுத்துவிட்டு இன்ஜினை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். மறுநாள் பெங்களூரில் இருக்கிற ஒருத்தருக்கு அனுப்ப வேண்டியது என்றான். குரலில் கோபம் இல்லை. சந்தோஷமும் இல்லை.

மேல்பூச்சு பூசி மறைத்துவிடுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படித்தானே எல்லாரும் செய்கிறார்கள். அடியில் பளபளக்கிற கறுப்பு, அதன்மேல் தண்ணீராகக் கரைத்த வெள்ளிச் சாயம், காய்ந்ததும் பென்சில் கரித்தூளை விரலால் தேய்த்தால் பழைய அலுமினியம் வந்துவிடும் என்று அவன் தன் வித்தையைச் சொல்லிக்கொண்டே, நாலு மயிர் மட்டும் இருந்த ஒரு தூரிகையை எடுத்தான். கரித்தூளைத் தொடவில்லை. கீறின பள்ளத்துக்குள் மட்டும் பளிச்சென்ற வெள்ளியை இழுத்து, அதன் ஒரு கரையில் கறுப்பை லேசாக ஒற்றினான். அவ்வளவுதான். ஸ்பேனர் வழுக்கி அலுமினியத்தில் கீறினால் உள்ளே புது உலோகம் பளபளக்குமே, அப்படி இருந்தது.

"மறைக்கலயா?" என்றேன்.

"மறைச்சா அந்த எடம் மட்டும் தனியாத் தெரியும்ங்க. கீறல் கீறலாவே இருக்கட்டும். வாங்குறவர்ட்ட சொல்லிட்டுத்தான் அனுப்புவேன்."

"என்னான்னு சொல்லுவ?"

"ஒரு பெரியவரு சாவியால கீறிட்டாருன்னு."

எனக்குச் சுருக்கென்றது. விடவில்லை. பிளாஸ்டிக்கை இரும்பு என்று காட்டிப் பிழைக்கிறாயே, இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டேன். அவன் தூரிகையைத் துடைத்தான்.

"அவருக்கு பிளாஸ்டிக்குன்னு தெரியும்ங்கய்யா. தெரிஞ்சுதான் கேக்குறாரு. தெரியாதவங்ககிட்ட இத இரும்புன்னு சொன்னாத்தான் ஏமாத்து."

நல்ல பேச்சு. அந்த இன்ஜினியரும் நன்றாகத்தான் பேசினான். பேச்சைக் கேட்கப் பிடிக்காமல் மேசையை மேய்ந்தேன். சாயப் புட்டிகளுக்கு நடுவே ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு கிடந்தது. திறந்தேன். உள்ளே பஞ்சுக்குக் கீழே செம்பழுப்பாய்த் தூள். முகர்ந்தேன். அந்த மேசையில் சாயம் பூசாத சரக்கு அது ஒன்றுதான். அசல் துரு. புகைக்குழாய் நுனியில் அப்பியிருந்தது அதுதான்.

"இது எங்கேருந்து?"

அவன் தூரிகையைக் கீழே வைத்தான். "அரியலூர்லேருந்து வருதுங்க" என்றான்.

கூட்டின்மேல் கலையரசி வேலை பார்க்கும் கடையின் பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். படிக்காமலேயே தெரிந்துவிட்டது. அப்பனுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறாள் என்று டீ வாங்கிக் கொடுத்தேனே, அவள் அந்த உருளையைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். என் கடையில் பித்தளை திருடியவன் உண்டு, செம்புக் கம்பி திருடியவன் உண்டு. துருவைத் திருட ஆள் வந்து நான் பார்த்ததில்லை. அதுவும் கூட்டில் போட்டு, மேலே பஞ்சு வைத்து. எத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு ஒருத்தனுக்காக எதையாவது பத்திரமாக எடுத்து வைக்கத் தோன்றியிருக்கிறது. பஞ்சைத் திரும்ப வைத்துக் கூட்டை மூடினேன்.

"என்னய யாருன்னு தெரியுமா?" என்றேன்.

"உள்ள வர்றப்பவே தெரியும்ங்க. வேட்டி மடிப்புல காந்தம் துருத்திக்கிட்டுத் தெரிஞ்சுது." அவன் முதல்முறையாகச் சிரித்தான். "நீங்க சாவியால கீறிப் பாப்பீங்கன்னு கலை சொல்லியிருந்துச்சு. நல்லதயெல்லாம் எடுத்து உள்ள வெச்சிருங்கன்னு சொல்லுச்சு."

"ஏன் வெக்கல?"

"உள்ள பிளாஸ்டிக்குன்னு நீங்களே பாத்துக்கட்டும்னுதான்."

செம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். லென்ஸ் பட்டையைக் கழற்றியிருந்தான், அதன் தடம் நெற்றியில் அழுந்திக் கிடந்தது. கீறுவேன் என்று தெரிந்து வைத்திருந்தவன் கோபப்படாமல் இருப்பதில் என்ன பெருமை? பெண் கொடுக்கப் போகிறவன் முன்னால் எவன்தான் கோபப்படுவான்? இதுவும் ஒரு பூச்சாக இருக்கலாம். ஆனால் தொண்டை ஏறி இறங்கியதை எந்தச் சாயத்தில் பூசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் அவள் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்க மாட்டாள். செருப்பைக் கழற்றும்போது என் முகத்தை மட்டும் பார்ப்பாள்.

எழுந்தேன். "வர்ற வெள்ளிக்கெழம அம்மாவ கூட்டிக்கிட்டு வூட்டுக்கு வாப்பா. பூ, பழம்னு தூக்கிக்கிட்டு வராத. நா இன்னும் ஒண்ணுத்துக்கும் ஒத்துக்கல. சும்மா வந்து ஒரு வாய் சாப்புடு."

அவன் எழுந்து நின்றான். கையில் சாயம் இருந்ததால் கும்பிடத் தெரியாமல் முழித்தான்.

வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னேன். "அந்த உருளயச் சொரண்டச் சொல்லாத. அதுல தூள் நைசா வராது. கடைக்குப் பின்னால கொல்லப் பக்கம் பழய பாய்லர் தகடு கெடக்கு, தட்டுனாலே கொட்டும். அவளுக்கு நகம் போயிரும்."

பதிலுக்கு நிற்கவில்லை. இறங்கும்போது காந்தம் மடிப்பிலிருந்து நழுவி, படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் கப்பென்று ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டில் அது ஒன்றாவது இரும்பு. பிய்த்தெடுத்து வேட்டியில் செருகிக்கொண்டேன்.

மேலே ஜன்னலில் அவன் நிற்பான் என்று தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்னதான் பூசினாலும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான். பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். எனக்கு அவன்மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை.