வழுக்காத சமையலறை

அட்டைப்பெட்டி ஆலையில் இயந்திரம் ஒழுக்கிய எண்ணெயில் வழுக்கி விழுந்து, அவள் கணவன் வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தான். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். ஆனால் ‘வீட்டுச் சமையலறையில் வழுக்கி விழுந்தார்’ என்று சூப்பர்வைசர் எழுதிய தாளில், இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருந்தான்.

“விபத்தே இல்லாம முந்நூறு நாள் ஆக இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. முந்நூறு ஆயிட்டா சூப்பர்வைசருக்குக் கேடயம் தருவாங்களாம். பாவம், கெஞ்சினாரு” என்றான்.

வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன்.

“கட்டுப் போட்ட நர்ஸ் என்ன சொன்னாங்க? வேலையில அடிபட்டா வைத்தியமும், லீவு நாளுக்குச் சம்பளமும் ஆலை பொறுப்பு. வீட்ல விழுந்தா நம்ம தலையெழுத்து!”

‘வீட்ல வழுக்கிட்டாராமே’ என்று நலம் விசாரிக்க வந்த எதிர்வீட்டுக்காரி நேரே சமையலறைக்குப் போனாள். குனிந்து தரையைத் தடவினாள். “பாசி ஒண்ணும் காணோமே?” என்றாள். பதினெட்டு வருஷமாகச் சொட்டு ஈரம் நிற்காமல் துடைத்த தரை அது. மாமியாரே குறை சொல்லாத தரை. இவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

மறுநாள் காலை கணவனை இழுத்துக்கொண்டு சூப்பர்வைசர் அறைக்குள் நுழைந்தாள்.

“சார், எத்தனை மணிக்கு விழுந்தாருன்னு எழுதியிருக்கீங்க?”

“பதினொண்ணும்மா.”

“வாசல் மெஷின்ல விரல் ரேகை வெச்சுட்டு எட்டு மணிக்கு உள்ள வந்தவரு எப்ப வெளிய போனாரு?”

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். “பதினொண்ணே முக்கால்.”

“அப்போ என் சமையலறைதான் பஸ் பிடிச்சு இங்க வந்துச்சா?”

சூப்பர்வைசர் நெற்றியைத் துடைத்தார். “நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கக் கூடாதாம்மா?”

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஓரடி முன்னால் வந்தான்.

“எண்ணெய் ஒழுகுதுன்னு ரெண்டு தடவை சொன்னேனே சார்” என்றான்.

அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதேயில்லை. அவளுக்கு அழுகை முட்டியது. சமாளித்துக்கொண்டு, “புதுத் தாள் எடுங்க சார்” என்றாள்.

எண்ணெய், இயந்திரம், நேரம் எல்லாம் தாளில் ஏறின. அவன் மறுபடி இடது கையால் கையெழுத்துப் போட்டான். ஒரு பிரதியை அவள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தால், உள்ளே நடந்த பேச்சைக் கேட்டு வெளியே நாலைந்து தொழிலாளர்கள் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற சுமை ஏற்றுபவர் காலை நொண்டியபடி அவளிடம் வந்தார்.

“அக்கா, நான் எங்க வீட்டு மாடிப்படியில உருண்டதா எழுதியிருக்காங்க. எங்க வீட்டுக்கு மாடியே கிடையாது.”