அப்பா இறந்திருந்த ஒன்பது நாட்கள்

மயிர் விழுந்துகொண்டிருக்கிறது, தம்பியின் மடியில், முழங்காலில், மாத்தளன் மணலில், அப்பா அவனுடைய தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு சவர அலகை மெல்ல இழுக்கிறார், அசையாதையடா, என்ரை செத்தவீட்டுக்கு நானே உனக்கு மொட்டை அடிக்கிறன், இந்தப் பாக்கியம் ஆருக்குக் கிடைக்கும் என்று சொல்லிச் சிரிக்கிறார், தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்து அம்மா, உங்கடை வாயைக் கழுவுங்கோ, நல்ல நாளும் அதுவுமாய் என்று கத்துகிறாள், எனக்குச் சிரிப்பும் வருகிறது அழுகையும் வருகிறது, நல்ல நாளாம், பின்னேரம் எத்தனை மணிக்கு ஷெல் விழும் என்று குஞ்சு குருமானுக்கும் தெரிந்த நாள்.

இயக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டது, எங்கள் வீட்டில் இரண்டு பேர், மூத்தவள் நான், பத்து வயதில் ஷெல் துண்டு பட்டு என் வலது கால் சூம்பிப் போனது, அந்தக் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னை விட்டுவிட்டார்கள், தம்பி யசிந்தனைத்தான் தண்ணீர் அள்ளப் போன இடத்தில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள், பதினேழு வயதும் இரண்டு மாதமும், பதினைந்து நாள் பயிற்சி, அதற்குப் பிறகு முன்னரங்கு, ஓடினால் அடையாளம் தெரியவேண்டும் என்று தலைமயிரை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள், அந்தத் தலையோடு ஒரு காலை அவன் வந்து நிற்கிறான், துவக்கில்லை, செருப்பில்லை, அக்கா பசிக்குது என்கிறான், நான் கஞ்சியை வார்த்துக் கொடுக்கிறேன், குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னான், என்னோடை பங்கருக்குள்ளை ரெண்டு பேர் இருந்தவங்கள் அக்கா, கதைச்சுக்கொண்டிருக்கேக்குள்ளையே இல்லாமல் போட்டாங்கள், நான் அவங்கடை தண்ணியையும் குடிச்சுப்போட்டு ஓடி வந்திட்டன், இரண்டு பேர் செத்ததைவிட அந்தத் தண்ணீர்தான் அவனைப் போட்டு அரித்தது, ஏனடா, செத்தவங்களுக்கு ஏன் தண்ணி என்று நான் பேசினேன், அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

ஓடிவந்தவனைத் தேடி வருவார்கள், பிடித்தால் நேரே முதல் வரிசை, அங்கே போனவர்கள் ஒரு கிழமை தாண்டியதாக நாங்கள் கேள்விப்படவில்லை, ஒட்ட வெட்டிய தலையை எங்கே ஒளிப்பது, தொப்பி போட்டால் முதலில் தொப்பியைத்தான் கழற்றுவார்கள், அப்போதுதான் அப்பா சொன்னார், முழு மொட்டையாய் அடிச்சுவிட்டால் ஆர் என்ன கேப்பினம், எங்கடை ஆக்களிலை கொள்ளி வைச்சவனுக்குத்தானே மொட்டை, அப்ப நான் செத்தால் சரி. மாத்தளனுக்கு நாங்கள் வந்து இரண்டு நாள், சுற்றிவர ஆயிரம் தறப்பாள், ஒருவருக்கும் எங்களைத் தெரியாது, சாவு தினமும் நடக்கிற இடத்தில் இன்னொரு சாவை யார் விசாரிக்கப்போகிறார்கள், அப்பா தறப்பாளுக்குக் கீழே வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் இறங்கி மணல் மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துக்கொண்டார், அம்மா தாலியைக் கழற்றித் துணியில் சுற்றி இடுப்பில் செருகினாள், பொட்டை அழிக்கத்தான் கை வரவில்லை, இருபத்தாறு வருசம், உயிரோடை இருக்கிற மனிசனுக்கு நான் எப்பிடி அழிக்கிறது, ஐயோ என்னாலை ஏலாது, பங்கருக்குள் இருந்து அப்பாவின் குரல், பிள்ளையை நினைச்சு அழியுமப்பா. அம்மா சேலைத் தலைப்பால் அழித்தாள், அந்த முகம் வேறு யாருடையதோ முகமாகிவிட்டது, அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே நான் அடிக்கடி அடுப்பை ஊதினேன்.

பலித்தது, அதுதான் கொடுமை, நாலாம் நாள் இயக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், மொட்டைத் தலையைப் பார்த்தார்கள், ஐயாவோ தம்பி என்று கேட்டார்கள், யசிந்தன் தலையைக் குனிந்தான், போய்விட்டார்கள், பக்கத்துத் தறப்பாள் அக்கா செத்தவீட்டுக்கென்று ஒரு பிடி சீனி கொண்டுவந்து தந்தா, அந்தச் சீனியில் போட்ட தேத்தண்ணியைப் பங்கருக்குள் இறக்கினோம், என்ரை செத்தவீட்டுத் தேத்தண்ணி நல்லாய்த்தான் இருக்குது என்று செத்தவர் சொன்னார், யசிந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அவன் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன், இல்லை, சரியாகத் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை அம்மா முழுகிவிட்டு வந்து இருக்கிறாள், நான் பின்னால் நின்று தலை துவட்டுகிறேன், முன்னால் வருகிறேன், அந்த வெறும் நெற்றி, ஈரத்தில் இன்னும் வெறுமையாக, எனக்குப் பொறுக்கவில்லை, பங்கருக்குள் அப்பா இருமுகிறார், உயிருள்ள மனிதனின் இருமல், ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அழித்துவிடலாம், இந்த நேரத்தில் ஆர் வரப்போகிறார்கள், மூதேவி, நான் மூதேவி, குங்குமத்தை எடுத்து அம்மாவின் நெற்றியில் வைத்துவிட்டேன், அம்மா அம்மாவாகிவிட்டாள், நான் குங்குமத்தை மூடிவைக்கக்கூட இல்லை, தறப்பாளை விலக்கிக்கொண்டு ஒரு பெண் பிள்ளை உள்ளே வருகிறாள், ஒட்ட வெட்டிய தலை, தம்பியின் வயதுதான் இருக்கும், பின்னால் தறப்பாளில் தலை முட்டுகிற நெடுவல் ஒருவன், ஐயா எப்ப மோசம் போனவர் அம்மா என்று அவள் கேட்கிறாள், ஒன்பது நாள் பிள்ளை என்று அம்மா சொல்கிறாள், சொல்லும்போதே அந்தப் பிள்ளையின் கண் அம்மாவின் நெற்றியில் நிற்கிறது, கையை உயர்த்தி அழிக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது, அவள் கண்ணை எடுத்து நிலத்தைப் பார்த்தாள், சரியம்மா என்று திரும்பினாள், சத்தியமாகத் திரும்பினாள், அவளுக்கும் எங்கேயோ ஒரு தாய் இருந்திருப்பாள், நெடுவல் மட்டும் அசையாமல் நின்றான், பொட்டு ஆருக்கம்மா என்று கேட்டான்.

மணல் மூட்டையைத் தள்ளிக்கொண்டு அப்பா ஏறி வந்துவிட்டார், இஞ்சை நிக்கிறன், நான் சாகேல்லை, என்னைக் கொண்டுபோங்கோ, அவன் சின்னப் பொடியன், நான் துவக்குப் பிடிப்பன் ஐயா, பாருங்கோ, என்று இல்லாத துவக்கைத் தோளில் வைத்துக் காட்டுகிறார், இருமுகிறார், அம்மா நெடுவலின் காலைக் கட்டிப் பிடிக்கிறாள், மூலையில் இருந்த யசிந்தன் எழுந்து சேட்டைப் போட்டுக்கொண்டான், பொத்தானை மாற்றிப் பூட்டியிருந்தான், விடுங்கோ அப்பா, நான் போறன், என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான், ஒரு சொல் சொல்லவில்லை, திட்டியிருந்தால் இத்தனை வருசத்தில் அது ஆறியிருக்கும்.

பதினாறு நாள் கழித்து ஒரு பொடியன் வந்தான், கையில் கட்டு, அம்மா, யசிந்தன் மண் அணையடியிலை, என்று தொடங்கி நிறுத்தினான், உடம்பை எடுக்க ஏலாமல் போச்சு, ஆமிக்காரன் கிட்ட வந்திட்டான், தன்ரை தண்ணியைக் காயக்காரனுக்குக் குடுக்கப் போனவன், அப்பா மணலில் குந்திவிட்டார், நான் வாயைப் பொத்திக்கொண்டேன், அம்மா அழவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், தம்பி, அவன்ரை தலையிலை மயிர் முளைச்சிருந்ததோ. அவன் யோசித்தான், ஓமம்மா, எப்பன், ஒரு நெல்லளவுக்கு முளைச்சிருந்தது என்றான், அம்மா எழுந்துபோய் முகத்தைக் கழுவினாள், நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அதற்குப் பிறகு அம்மா பொட்டு வைக்கவில்லை, சண்டை முடிந்து அடைத்துவைத்த முகாமிலும் இல்லை, எங்கள் ஊர் மல்லாவிக்குத் திரும்பி வந்தும் இல்லை, அப்பா முற்றத்தில் இருந்து பேப்பர் பார்க்கிறார், அம்மா வெறும் நெற்றியோடு அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கிறாள், புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கேக்குள்ளை இதென்ன கோலம் என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள், அவள் பதில் சொல்வதில்லை, அந்தப் பதில் என்மேல்தான் இருக்கிறது என்று நான் விழுங்கிக்கொண்டே இருந்தேன், இன்று காலை முழுகிவிட்டு வந்து இருந்தாள், நரைத்த தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது அது தானாக வந்துவிட்டது, அம்மா, நான்தானே அவனைக் குடுத்தனான், நான் அந்தப் பொட்டை வைக்காமல் விட்டிருந்தால். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள், விசரி, இதையோ இவ்வளவு காலமும் வைச்சுக்கொண்டிருந்தனீ, என்றாள், முற்றத்தில் அப்பா இருமினார், நீ குங்குமத்தை எடுக்கேக்குள்ளையே எனக்குத் தெரியும், வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னனானோ, நெத்தியை நிமித்தித் தந்தது நான் பிள்ளை.