தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது

1

அவன் எழுந்தான். பல் துலக்கினான். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து முட்டைகளைப் போட்டான். அவை வேகும் நேரத்தில் குளித்தான். ரொட்டியை இரண்டிரண்டாகக் காகிதத்தில் சுற்றினான். முட்டையை உரிக்காமல் வைத்தான். உரித்துக் கொடுத்தால் கை பட்டது என்று சிலர் தொட மாட்டார்கள். ஒரு வாழைப்பழம். உப்பு ஒரு சிட்டிகை, மடித்த தாளில். வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. விளக்கை அணைத்தான். கதவைப் பூட்டினான்.

(இது நான்காவது தொடக்கம். முதல் மூன்றிலும் மழை பெய்தது. அன்று மழை பெய்யவில்லை.)

இந்தக் கதை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் சிலர் சேர்ந்து, தெருவில் படுத்திருப்பவர்களுக்குக் காலையில் சாப்பாடு கொடுக்கிறோம். நகரின் நடுவில் உள்ள சந்துகளில் வளரும் பிள்ளைகளுக்கு ஓர் அறையும் வைத்திருக்கிறோம். குழுவின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "மனசைத் தொடுற மாதிரி ஒரு சம்பவம், ஒரு பக்கம் போதும்" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். செயலாளர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதைப் படிச்சுட்டு எவன் உதவி பண்ண வருவான்?"

அவர் கேட்டது நியாயம். கட்டுரை போயிற்று. மிச்சம் இது.

இன்னொன்று. 'அவன்' நான்தான். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன், மூன்று வரிக்கு மேல் ஓடவில்லை. 'அவன்' என்றால் கை நகர்கிறது.

2

குழுவுக்குச் சட்டம் என்று ஒன்றுதான் உண்டு. தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது. பொட்டலத்தைத் தலைமாட்டில் வைக்க வேண்டும். செருப்புச் சத்தம் கேட்காமல் நகர வேண்டும்.

சட்டம் போட்டவள் அவன் மனைவி. ஆரம்ப நாட்களில் ஒரு காலை, டிரைவர் ஒரு பெரியவரைத் தோளில் தட்டி எழுப்பினார். பெரியவர் கண்ணைத் திறப்பதற்கு முன்பே இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். அடி விழும் என்று நினைத்திருக்கிறார். வண்டியில் திரும்பும்போது அவள் சொன்னாள்:

"காலம் பூரா இவங்களை யாராவது எழுப்பிக்கிட்டேதான் இருக்காங்க. காலால உதைச்சு, தண்ணி ஊத்தி, குச்சியால குத்தி. நம்மளாவது தூங்க விடுவோமே."

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். போன வருடம் அவள் இறந்துபோனாள்.*

உயிரோடு இருக்கிறவர்கள் போட்ட சட்டத்தோடு சண்டை போடலாம். அவளோ ஒரு சிக்னலில் சொன்னதை அடுத்த சிக்னலில் மாற்றுகிறவள். இருந்திருந்தால் இதையும் எப்போதோ மாற்றியிருப்பாள். இல்லாமல் போனதால் சட்டம் அப்படியே இறுகிவிட்டது. புதிதாக வருகிற தொண்டர்களிடம் அதைச் சொல்லும்போது டிரைவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போனது" என்பார்.

இந்தச் சட்டத்தால் வந்த வழக்கம் ஒன்று உண்டு. தூங்குகிறவர்களிடம் பெயர் கேட்க முடியாது. அதனால் போர்வையை வைத்துத்தான் பேச்சு. சாக்குக்காரர் இன்று இல்லை. பூப்போட்ட சேலை இடம் மாறிவிட்டது. பச்சைப் போர்வைக்கு ஒரு பழம் கூடுதலாக வை, பிள்ளை இருக்கிறது.

* அவளும் தூக்கத்தில்தான் இறந்தாள், அவன்தான் எழுப்பாமல் விட்டான் என்று கதை திரும்பும் என நினைக்கிறீர்களா? எழுதும்போது எனக்கும் தோன்றியது. கச்சிதமாக இருந்திருக்கும். அவள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். நல்ல வெளிச்சத்தில், சுற்றி எல்லாரும் விழித்திருக்கும்போது. அதில் கதை எதுவும் இல்லை.

3

பச்சைப் போர்வையின் மகளைப் பற்றி எழுதத்தான் தயக்கமாக இருக்கிறது. தெருப் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கண்ணைப் பளபளவென்று வைத்துவிடுகிறார்கள். வாயில் பெரிய மனுஷப் பேச்சைக் கொடுத்துவிடுகிறார்கள். இவள் அப்படி இல்லை. கணக்கில் மக்கு. மூக்கைச் சட்டைக் கையில் துடைப்பாள். அடுத்த பிள்ளையின் பென்சிலை எடுத்துக்கொண்டு, அது கீழே கிடந்தது என்று சாதிப்பாள். ஆனால் சட்டம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், பிடித்த பிடியை விட மாட்டாள். அதனால் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

ஒரு நாள் டிரைவர் வண்டிக் கதவை ஓங்கிச் சாத்திவிட்டார்.

"மாமா! சத்தம் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல?"

"கதவைத்தான் சாத்துனேன் தாயே. சத்தம் அதுவா வந்துச்சு."

"அப்ப கதவும் அதுவா சாத்திக்கிச்சா?"

"வக்கீலம்மா, விட்டுடுங்க. புள்ளகுட்டிக்காரன்."

"இந்தத் தடவை மன்னிச்சாச்சு. ஒரு முட்டை அபராதம்."

அபராத முட்டையை அங்கேயே உரித்துத் தின்றாள். அவர்கள் படுக்கும் நடைபாதை முழுக்க வண்டியோடு கூடவே வருவாள். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு முன்னால் நடப்பாள். யாராவது புதிய ஆள் குனிந்து ஒரு தோளைத் தொடப் போனால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வாள்.

பிறகு பிள்ளைகளின் அறைக்கு. அந்த அறை ஒரு சலவைக் கடைக்குப் பின்னால் இருக்கிறது. கடையின் கொதிகலன் இருக்கும் பக்கத்துச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். பிள்ளைகள் முகம் கழுவிவிட்டு அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து வரிசையாக உட்காருவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒவ்வொரு தலையாகச் சீவி அனுப்புவார். அங்கிருந்து பள்ளிக்கூடம்.

4

பச்சைப் போர்வை ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவினாள். வழக்கமாக வண்டி வருவதற்குள் எழுந்து போர்வையை மடித்துவிடுவாள். அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். நர்ஸம்மா மாத்திரை கொடுத்தார்.

"மாத்திரைக்கு அடங்கற காய்ச்சலா தெரியல. ஆஸ்பத்திரிக்கு வா, நான் கூட வரேன்."

"நாளைக்குப் போவோம்மா. இன்னிக்கு லீவு போட்டா வேற ஆளைச் சேர்த்துடுவாங்க."

அடுத்த நாள் நர்ஸம்மா முழங்கால் வலியால் வரவில்லை. பச்சைப் போர்வை எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் வக்கீல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா தூங்குது" என்றாள், உதட்டில் விரலை வைத்து.

அவன் பொட்டலத்தைத் தலைமாட்டில் வைத்தான். போர்வை முகத்தை மூடியிருந்தது. போர்வை அசைந்த—

[இந்த வரியைப் பலமுறை எழுதி அடித்துவிட்டேன். அசைந்தது என்று எழுதினால் ஒரு கதை. அசையவில்லை என்று எழுதினால் இன்னொரு கதை. அவன் பார்க்கவில்லை. காய்ச்சல் விட்டிருக்கும், நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்தான். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.]

மறுநாள் காலை அதே போர்வை, அதே மடிப்பு. தலைமாட்டில் முந்தின நாள் பொட்டலம். அதன்மேல் எறும்பு. வக்கீல் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சீருடை போட்டிருந்தாள், தலை சீவவில்லை.

இனி வருவதுதான் எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. அவன் குனிந்தான். பழைய பொட்டலத்தைக் கொஞ்சம் ஒதுக்கினான். புதிய பொட்டலத்தை அதன் பக்கத்தில் வைத்தான். சத்தமில்லாமல் நகர்ந்தான்.

வண்டியிலிருந்து இறங்கிய நர்ஸம்மாதான் கேட்டார்.

"நேத்துப் பொட்டலம் ஏன் அப்படியே கிடக்கு?"

அவர் வலிக்கிற முழங்காலை மடித்து உட்கார்ந்து போர்வையைப் பிடித்தார். வக்கீல் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"எழுப்பாதீங்க! சட்டம்!"

நர்ஸம்மா இன்னொரு கையின் இரண்டு விரலை உள்ளே விட்டுக் கழுத்தைத் தொட்டார். தேவையான நேரத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தார்.

"தம்பி, பாப்பாவை வண்டிக்குக் கூட்டிட்டுப் போ."

5

மற்றப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். குழந்தைகள் இல்லத்துக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. அறை வாசலில் நின்று அவன் நர்ஸம்மாவிடம் கேட்டான்.

"நேத்துக் காலையில உயிர் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம்."

"எழுப்பியிருந்தா?"

"தெரியாது."

"உங்க அனுபவத்துல—"

"தெரியாதுன்னு சொல்றேன்ல. போட்டு நோண்டாத."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சலவைக் கடைப் பக்கம் போனார்.

உள்ளே வக்கீல் வெதுவெதுப்பான சுவரில் முதுகைச் சாய்த்திருந்தாள். அவளிடம் நர்ஸம்மா விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவள் அழவில்லை. (அழுததாக எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.) அவன் எதிரே உட்கார்ந்தான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நேத்து ஸ்கூல் விட்டு வந்தப்பவும் அம்மா தூங்கிட்டுத்தான் இருந்துச்சு. தண்ணி வேணுமான்னு கேக்கலாம்னு நெனச்சேன். எழுப்பக் கூடாதுல்ல, அதான் இருந்துட்டேன். பொட்டலத்தையும் பிரிக்கல, சேர்ந்து சாப்பிடலாம்னு. நான் எழுப்பியிருந்தா எந்திரிச்சிருக்குமா?"

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. இதற்கு மேல் அவன் என்ன சொல்லலாம் என்று நான் எழுதிப் பார்த்தவை:

"இல்ல பாப்பா, அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க." — நல்ல மனிதன் சொல்கிற பொய். மலரில்கூடப் போடலாம். ஆனால் கேட்கிறவள் வக்கீல். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க போர்வையத் திறந்தீங்களா?" என்று கேட்பாள். அதற்கு அடுத்த வரி என்னிடம் இல்லை.

"தெரியாது." — இது உண்மை. நர்ஸம்மா சொன்னபோது அவனால் தாங்க முடியாத உண்மை. அதை அப்படியே எடுத்து ஒரு பிள்ளையின் கையில் கொடுப்பதா? எவ்வளவு காலம் வைத்துக்கொண்டு திரிவாள்?

"சட்டம் தப்பு. அதைப் போட்டது நாங்க. உன் மேல ஒண்ணும் இல்ல." — மூன்றில் இதுதான் சொல்லியிருக்க வேண்டியது. எழுதும்போதே தெரிகிறது. அவன் வாய்வரை வந்தது. ஆனால் அவன் மனைவி விட்டுப்போனவற்றில் இன்னும் புழக்கத்தில் இருந்தது அந்தச் சட்டம் ஒன்றுதான். சேலைகளைக் கொடுத்தாயிற்று. செல்போன் எண் வேறு யாருக்கோ போய்விட்டது. தினமும் காலையில் பத்துப் பேர் அவள் சொன்னபடி பூனை மாதிரி நடந்தார்கள். அதைத் தப்பு என்று சொன்னால்—

சொல்லவில்லை.

"பசிக்குதா?" என்று கேட்டான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இல்ல" என்றாள்.

6

சட்டம் இப்போது இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம்.

அந்த வாரம் குழு கூடியது. "இனிமே எழுப்பிடுவோம் தம்பி" என்றார் டிரைவர். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள், சட்டம் அவன் வீட்டுச் சொத்து மாதிரி. அவன் வாயைத் திறக்கவில்லை. டீ வந்தது. கூட்டம் முடிந்தது.

ஆகவே சட்டம் இருக்கிறது. எழுப்புவதில்லை. பொட்டலத்தை வைத்துவிட்டுக் குனிந்து, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறோம். சிலரிடம் உடனே தெரிந்துவிடும். சிலர் பக்கத்தில் வெகுநேரம் மண்டியிட்டுக் காத்திருக்க வேண்டும். கனமான போர்வைகளில் தெரிவதே இல்லை. இப்படிப் பார்த்துப் பார்த்துப் போவதற்குள் வெயில் வந்துவிடுகிறது. கடைசித் தெருவை நாங்கள் அடையும்போது கடைகள் திறந்திருக்கும். அங்கே படுத்திருந்தவர்களைக் கடைக்காரர்கள் தண்ணீர் ஊற்றி எழுப்பி விரட்டியிருப்பார்கள். ஈரத் தரை மட்டும் இருக்கும். கடைசித் தெருவின் பொட்டலங்கள் தினமும் வண்டியிலேயே திரும்பி வருகின்றன.

இதற்கு ஒரு வழி இருக்கும். யோசிக்கிறவர்கள் யாராவது யோசித்தால் கிடைக்கும். அவன் யோசிப்பதில்லை. முட்டையை அவிக்கிறான்.

7

இந்தப் பகுதி முன்னால் வந்திருக்க வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அன்று மதியம் இல்லத்திலிருந்து கார் வந்தது. கூட வந்த அம்மாள் நல்லவராகத்தான் தெரிந்தார். வக்கீலின் பையை அவரே தூக்கிக்கொண்டார். கனமே இல்லை என்றார். எங்கள் டிரைவர் ஓட்டுகிற கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.

"வக்கீலம்மா, கேஸ் இருந்தா சொல்லி அனுப்புங்க. மாமா வந்துடறேன்."

அவள் சிரிக்கவில்லை. இதற்கு முன் எழுதிய வடிவம் ஒன்றில் அவள் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். இன்னொன்றில் காரின் பின் கண்ணாடி வழியே கையசைக்கிறாள். வேறொன்றில், பல வருடங்கள் கழித்து அவளே தொண்டராக அதே தெருவுக்கு வருகிறாள். அதை எழுதிய அன்று நான் நன்றாகத் தூங்கினேன். காலையில் படித்தபோது கூச்சமாக இருந்தது. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அந்த இல்லத்திலிருந்து வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். எந்த ஊர் என்று சொல்வதற்கில்லையாம்.

நடந்தது இவ்வளவுதான். அவள் காரில் ஏறினாள். ஜன்னலோரம் உட்காரலாமா என்று அந்த அம்மாளிடம் அனுமதி கேட்டாள். உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கத் தெரியாமல் உள்ளிருந்து தட்டினாள். அந்த அம்மாள் இறக்கிவிட்டார். அவள் அவனைக் கையால் கூப்பிட்டாள். அவன் கிட்டே போய்க் குனிந்தான்.

அவள் கேட்டதை மட்டும் கீழே எழுதி நிறுத்திக்கொள்கிறேன். பதில் இந்தக் கதையில் இல்லை. கார் கிளம்பக் கொஞ்சம் நேரம் இருந்தது. பதில் சொல்லப் போதுமான நேரம். அவன் இடத்தில் நீங்கள் குனிந்து பாருங்கள்.

"அண்ணா, அங்க யாராவது ரொம்ப நேரம் தூங்குனா, எழுப்பலாமா?"