கோட்டைத் தாண்டாத கப்பல்

ஞாயிற்றுக்கிழமை மதியம், திரைச்சீலையை இழுத்துவிட்டு அண்ணனும் தங்கையும் கணினி முன் உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டில் நான்கு மாதமாக ஒரே நீர்மூழ்கியை ஓட்டுகிறார்கள். அது மூழ்கினால் சேமித்த ஆட்டத்தையே அழித்துவிட வேண்டும். அவர்களே போட்டுக்கொண்ட விதி. மிச்சம் ஒரே டார்பிடோ குண்டு. அதையும் போட்டுவிட்டால் துறைமுகம் திரும்பலாம்.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சரக்குக் கப்பல் குறுக்கே வந்தது.

"இன்ஜினை நிறுத்திட்டியா? போன தடவை நகர்ந்துக்கிட்டே அளந்து, மீனுக்குப் போட்டே," என்றான் அண்ணன்.

"நிறுத்தியாச்சு. நீ ஸ்டாப்வாட்சை ஒழுங்கா பிடி, போதும்."

பெரிஸ்கோப்பின் நடுவே ஒரு செங்குத்துக் கோடு. கப்பலின் மூக்கு அதைத் தொட்டதிலிருந்து வால் கடக்கும்வரை எத்தனை விநாடி என்று பார்த்து, நீளத்தை அந்த எண்ணால் வகுத்தால் வேகம். இந்த வகைக் கப்பல் நூற்று நாற்பது மீட்டர். நாற்பது விநாடி ஆகும் என்று அவள் மனக்கணக்குப் போட்டிருந்தாள்.

"இப்போ," என்றாள். அண்ணன் அழுத்தினான்.

நாற்பது. ஐம்பது.

"வால் வந்துச்சா?"

"இல்ல."

"தூங்கிட்டியா?"

"கண் கொட்டாம பாத்துக்கிட்டு இருக்கேண்ணா."

தொண்ணூறு. கப்பல் நின்றுவிட்டதோ என்று அதன் மூக்கடி நுரையைப் பார்த்தாள். குறையவில்லை. ஆனால் கடந்துபோயிருந்த மூக்கு மறுபடி கோட்டின் மேலேயே இருந்தது. நுரை இரண்டு பக்கமும் சமமாக விரிந்தது.

"திரும்பிடுச்சுண்ணா. நேரா நம்மகிட்ட வருது."

"நேரா வந்தா வேகமே தேவையில்ல. போடு."

அது அவளுக்கும் தெரியும். விரல் விசையில்தான் இருந்தது. இந்த விளையாட்டின் கப்பல்களில் ஆட்கள் கிடையாது. இந்தக் கப்பலின் மூக்கில் ஒருவன் நின்றான். தலை குனிந்து, உள்ளங்கையில் எதையோ பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போடுடி."

போட்டாள். வெடிக்க வேண்டுமானால் டார்பிடோ முந்நூறு மீட்டராவது ஓட வேண்டும். அவ்வளவு தூரம் இல்லை. இரும்பில் இரும்பு தட்டிய சத்தம் மட்டும் கேட்டது. கீழே இறங்கலாமென்றால், அளப்பதற்காக நிறுத்திய இன்ஜின் வேகம் பிடிக்கவே நேரமானது. திரை முழுக்கக் கப்பல். பிறகு தண்ணீர்.

அண்ணன் சேமித்த ஆட்டத்தைத் தேடி அழித்தான். பிறகு கேட்டான்.

"மூக்குல நின்னவன் கையிலயும் ஸ்டாப்வாட்ச்தானே?"

"ம்."

"அதை நிறுத்தினானா?"

"இல்ல," என்றாள்.